திருப்பி வெட்டிய இலக்கங்கள்

கல்முனைக்குடி
11.01.2009

அன்புத் தங்கச்சி விதுஷாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். என் வீட்டுக்காரர், உன் மசூர் காக்கா, நாளைக்கு அரிசி லொறியோடு கொழும்புக்கு வருகிறார். கோஸ்டர் பெட்டிகளை அவரிடம் வாங்கிக்கொள். இந்தக் கடிதத்தை மட்டும் கடையில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குக் கொண்டுபோய் வாசி. போனில் சொல்லியிருக்கலாம். உன் தம்பி கிசோக்தான், "போன்ல கதைக்க வேணாம் ராத்தா, எழுதிக் குடுங்க" என்றான்.

முதலில் வேலைக் கதை. படத்தின் ஓரம் கிளம்புகிறதென்று உன் முதலாளி திருப்பி அனுப்பிய, கோப்பைக்குக் கீழே வைக்கும் வட்டக் கோஸ்டர்ப் பலகைகளைக் கிசோக் உரித்துப் பார்த்தான். பிழை படம் வெட்டுகிற வினைல் தாளில் இல்லை, மரத்தில்தான். மாரி மழையில் முதிரைத் துண்டுகள் ஈரம் குடித்திருக்கின்றன. இப்போது ஒவ்வொரு பலகையையும் முதலில் வெறுமனே ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துகிறான். ஆவி வந்தால் அது மறுபடியும் வெயிலுக்குப் போகும். ஆவி வராவிட்டால்தான் மீன் படமோ பனைப் படமோ அதில் ஒட்டும். நீயும் நானும் சுனாமி அகதி முகாமில் இந்த வேலையைத் தொடங்கிய நாளில் நமக்கு இவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

இனிச் சொல்ல வந்தது. புதன்கிழமை பகல் இரண்டு பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் இல்லை. நான் கொட்டிலில் பலகைக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தேன். ஒருவன் மெஷினைத் தட்டிப் பார்த்து, "படம் வெட்டுற மெஷின், இலக்கமும் வெட்டுந்தானே?" என்று கேட்டான். கிசோக் ஓம் என்றான். ஓட்டோக்காரர்களுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறவன், வேறென்ன சொல்வான்? வாகனத் தகட்டுக்கு ஒட்ட ஓர் இலக்கம், இரண்டு சோடி வேண்டும் என்றார்கள்.

பயத்திலோ பழக்கத்திலோ அவன் ஒரு பிழை விட்டான். சூட்டில் ஒட்டுகிற வினைலை நாங்கள் எப்போதும் திருப்பித்தானே வெட்டுவோம்? கவிழ்த்து அழுத்தினால்தான் பலகையில் நேராக விழும். இது சாதாரண ஸ்டிக்கர், நேராக வெட்ட வேண்டியது. அவன் கை பழகியபடி திருப்பி வெட்டிவிட்டான். மெஷினிலிருந்து இலக்கங்கள் இடம்வலம் மாறி வந்ததும் மற்றவன், "நக்கலாடா?" என்று கன்னத்தில் அறைந்தான். நான் எழும்பிப்போய், "மகன், புள்ள தெரியாமச் செஞ்சிட்டான், இப்ப நேரா வெட்டித் தருவான்" என்றேன். கிசோக் மறுபடி வெட்டினான். இந்த முறை நேராகவே வந்தது.

போகும்போது முதலில் கேட்டவன் மேசையிலிருந்த ஒரு கோஸ்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வடிவா இரிக்கி அக்கா" என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

உன் ராத்தா,
ஹப்ஸா

•

வெள்ளவத்தை
19.01.2009

ராத்தா,

பெட்டிகள் கிடைத்தன. முதலாளிக்குத் திருப்தி. அதை விடுங்கள்.

கொட்டில் வாசலில் தொங்கும் "ஸ்டிக்கர் வெட்டப்படும்" பலகையை இன்றைக்கே கழற்றி அடுப்பில் வையுங்கள். இனி அவன் கோஸ்டருக்கு மட்டும்தான் வெட்ட வேண்டும். யாராவது கேட்டால் மெஷின் பழுது என்று சொல்லட்டும். அந்த இலக்கம் எந்த வாகனத்துக்கு, எதற்கு என்று அவனும் யோசிக்கக் கூடாது, நீங்களும் யோசிக்கக் கூடாது.

இங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். முடியாது. போன கிழமை எங்கள் மேல்மாடியிலிருந்த மட்டக்களப்புப் பொடியன்மார் இருவரைப் பொலிஸ் கொண்டுபோனது. ஒருவன்தான் திரும்பி வந்தான். அடையாள அட்டையில் எந்த ஊர் என்று பார்த்ததும் முகம் மாறுகிறது. அங்கே உங்கள் கொட்டிலில், உங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் அவனுக்குப் பாதுகாப்பு என்று என்னையே நம்பவைக்கப் பார்க்கிறேன்.

கடல் அம்மாவையும் அப்பாவையும் கொண்டுபோன பிறகு எங்கள் இருவரையும் கூட்டிவந்து சோறு போட்டவர் நீங்கள். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு உத்தரவு போடுகிறேன். கோபிக்காதீர்கள்.

விதுஷா

•

கல்முனைக்குடி
09.02.2009

தங்கச்சி,

பலகையைக் கழற்றிவிட்டேன். ஆனால் காலம் பிந்திவிட்டது.

காரைதீவுக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் பூபாலசிங்கம் ஐயாவைக் கொண்டுபோய்விட்டார்கள். வியாழக்கிழமை காலையில், கடை திறக்கிற நேரம், சனம் சாமான் வாங்க நின்றுகொண்டிருக்கும்போதே. ஒரு வான் வந்து நின்றதாம். இறங்கியவர்கள் அவரோடு ஏதோ மரியாதையாகத்தான் கதைத்தார்களாம். அவர் சாவிக்கொத்தைக் கடையில் வேலை செய்யும் பெட்டைப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஏறினாராம். சங்கத்து லொறியை யாரோ கேட்டார்களாம், இவர் கொடுக்கவில்லையாம். ஊரில் அவ்வளவுதான் கதை.

அந்த நேரம் கிசோக் சைக்கிளில் அந்த வழியால் மணல்தாள் வாங்கப் போயிருக்கிறான். வான் அவனைக் கடந்து போயிருக்கிறது. பின் தகட்டைப் பார்த்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தவன் நேரே கிணற்றடிக்குப் போனான். கையைக் கழுவிக்கொண்டேயிருந்தான். "என்னடா மனே?" என்று கேட்டேன். "நான் வெட்டின இலக்கம் ராத்தா. என்ட கையால வெட்டினது" என்றான்.

ஐயாவின் மனைவி கனகேஸ்வரி அக்கா பொலிசுக்கும் ஆமி முகாமுக்கும் கோயிலுக்கும் ஓடித்திரிகிறா. போன இடமெல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், வாகன இலக்கம் என்ன? கடையில் நின்ற ஒருவரும் பார்க்கவில்லை என்கிறார்கள். பார்த்தவர்களும் பார்க்கவில்லைதான்.

விதுஷா, அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். கடல் வந்த நேரம் ஐயா எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் பால்மா கொடுக்க வந்திருந்தார். என் மகள் றுக்ஸானாவைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனபோது பிள்ளையின் தலைமயிரைப் பிடித்தது அவர்தான். மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி, தன் கை எலும்பு முறிந்தும் விடாமல் வைத்திருந்தார். அந்தக் கை இன்னும் நேராகவில்லை.

அவரைத் தேட உதவும் ஒரே சங்கதி என் வீட்டுக் கொட்டிலில் இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறாய்?

ஹப்ஸா

•

வெள்ளவத்தை
16.02.2009

ராத்தா,

ஒன்றும் செய்ய வேண்டாம். இதுதான் என் பதில்.

நிதானமாக யோசியுங்கள். அந்த வான் கடையடியை விட்டால் ஊருக்குள் எங்கும் நிற்காமல் ஓடியது. ஒருவரும் தகட்டைப் பார்க்கவில்லை என்று ஊரே சொல்கிறது. அப்படியிருக்க இலக்கம் வெளியே வந்தால், எங்கிருந்து வந்தது என்று அவர்கள் மினக்கெட்டுத் தேட வேண்டியதில்லை. நேரே உங்கள் கொட்டிலுக்கு வருவார்கள். அங்கே என் தம்பி இருப்பான். உங்கள் மகளும் இருப்பாள்.

அதுவும் கள்ள இலக்கம். இதற்குள் கழற்றி எறிந்திருப்பார்கள். அதைக் கொடுத்து ஐயாவை எடுக்க முடியும் என்று யார் சொன்னது? பொலிசில் எழுதுகிறவர் அதை யாரிடம் காட்டுவார் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஐயா நல்ல மனிதர். எனக்குத் தெரியாதா? சங்கக்கடையில் அப்பாவின் பெயரில் கடனுக்குச் சீனி தந்தவர். அவருக்காக அழுகிறேன். ஆனால் எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தான்.

கிசோக்கிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். அக்கா சொன்னாள் என்று சொல்லுங்கள்.

விதுஷா

•

கல்முனைக்குடி
23.02.2009

விதுஷா,

வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழும்பிப்போய் பலகை தேய்க்கத் தொடங்கினான். மெல்லிசாகப் போகும்வரை ஒரே பலகையைத் தேய்த்தான்.

நேற்றுக் கனகேஸ்வரி அக்கா என் வீட்டுக்கு வந்தா. கடைக்கு முன்னால் சைக்கிளில் போனவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிகிறா. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், வாயில் வைக்கவில்லை. "உங்கட கொட்டில்ல வேல செய்யிற பொடியனும் அந்தப் பக்கம் போனவராமே தங்கச்சி? எதையும் கண்டவரா?" என்று கேட்டா. கிசோக் உள்ளே, கதவுக்குப் பின்னால் நின்றான்.

நான் சொன்னேன்: "இல்ல அக்கா. அவன் அண்டைக்கு வெளியால போகல்ல."

அவ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த றுக்ஸானாவின் தலையைத் தடவிவிட்டுப் போனா. அந்தத் தலையை, விதுஷா. அந்தத் தலைமயிரை.

நீ கேட்டபடி என் நாவால் பொய் சொல்லிவிட்டேன். உனக்கு ஒரு தம்பி மிச்சம் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு மகள் மிச்சமானது யாரால்? இன்னொரு தடவை அந்த மனுஷி வந்தால் நான் சொல்லிவிடுவேன். முன்கூட்டியே உனக்கு எழுதுகிறேன்.

ஹப்ஸா

•

வெள்ளவத்தை
02.03.2009

சொல்லுங்கள். சொல்வதற்கு முன் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள். அவனுக்கு வழியில் என்ன ஆனாலும் அது என் தலையெழுத்தாகப் போகட்டும். உங்கள் நன்றிக்கடனை என் தம்பியைக் கொண்டு தீர்க்க வேண்டாம்.

நீங்கள் வாய் திறந்த பிறகு என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள்.

காய்ந்து வெடித்த பலகைகளை மசூர் காக்காவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

விதுஷா

•

கல்முனைக்குடி
20.03.2009

விதுஷாவுக்கு,

எப்படி அழைப்பதென்று தெரியாமல் பேரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நான் சொல்லவில்லை. உன் தம்பியே போய்ச் சொல்லிவிட்டான். நீ கடைசியாக எழுதியதை அவனுக்கு நான் காட்டவுமில்லை. பத்தாம் திகதி காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "ராத்தா, காரைதீவு மட்டும் போய்ட்டு வாறன்" என்றான். எனக்கு விளங்கிவிட்டது. "அக்கா வேணாமெண்டவ மனே" என்றேன். "அக்காக்கு நான் உயிரோட இரிக்கோணும். எனக்கும் அதான் விருப்பம். ஆனா இப்பிடி ஏலாது ராத்தா. ஸ்திரிக்கைப் பெட்டியப் புடிச்சாலும் அந்த இலக்கந்தான் தெரியிது" என்றான். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டுமென்று நீ சொல்வாய்.

கனகேஸ்வரி அக்காவின் கையில் இலக்கத்தை எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னானாம். வெட்டியது தான் என்றும் சொன்னானாம். அவ அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "உன்ட பேர் என்ட வாயால வராது மகன்" என்று கோயில் பக்கம் பார்த்துச் சத்தியம் பண்ணினாவாம். பெயர் வரவில்லைதான். இலக்கம் மட்டும் எல்லா இடத்துக்கும் போனது. மனித உரிமை ஆணைக்குழுவுக்கு, வக்கீலுக்கு, ஒரு பேப்பருக்கும்.

நீ சொன்னது சரி. அவர்கள் தேடவில்லை, நேரே வந்தார்கள். ஆனால் அதற்கு முதல்நாளே கிசோக்கை மசூரின் மாமா மீராமுகைதீன் சாகாமத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே அவருக்கு வயல் இருக்கிறது. வேளாண்மை காவல் பார்க்கும் வாடிக் குடிசையில் இன்னும் இரண்டு கூலிக்காரரோடு அவனும் இருக்கிறான்.

வந்தது அன்றைக்குக் கோஸ்டரை எடுத்துப்போனவன்தான். "வெட்டின தம்பி எங்க அக்கா?" என்று அதே மரியாதையோடு கேட்டான்.

"வேலைய விட்டுட்டுப் போய்ட்டான்."

"எங்க?"

"ஆழ்கடல் போட்ல ஏறிட்டானெண்டு சொன்னாங்க. எனக்கென்ன தெரியும்?"

"அக்காக்கும் வெட்டத் தெரியுமா?"

"எனக்கு ஒட்டத்தான் தெரியும் மகன்."

அவன் சிரித்தான். மெஷினைத் தூக்கி வானில் ஏற்றினார்கள். அதோடு வினைல் சுருள்களையும். மசூர் பள்ளிவாசலிலிருந்து வரும்போது கொட்டில் வெறுமையாய் இருந்தது, நான் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேனாம். எனக்கு நினைவில்லை.

உன் தம்பி உயிரோடு இருக்கிறான். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஹப்ஸா

•

வெள்ளவத்தை
04.04.2009

ராத்தா,

கடிதம் கிடைத்து இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களை ஏசி நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். அவனை ஏசியும் எழுதினேன். அவன் எங்கள் அப்பாவைப் போலவே வந்துவிட்டான். அப்பாவும் அப்படித்தான், கடல் வருகிறது என்று எல்லோரும் ஓடும்போது கோயிலில் கிழவிகள் இருக்கிறார்கள் என்று திரும்பிப் போனவர்.

"எனக்கு ஒட்டத்தான் தெரியும்" என்று அவனிடம் சொன்னீர்களே, அந்த வரியை வாசித்துவிட்டு அழுதேன். உங்களுக்கு வெட்டத் தெரியும். முகாமில் எனக்கு மெஷின் பழக்கியதே நீங்கள்தான்.

இரண்டு சாரமும் ஒரு போர்வையும் அனுப்புகிறேன். அவனுக்குக் காய்ச்சல் வராமல் பார்க்கச் சொல்லுங்கள். குளத்தடி நுளம்புக்கடி பொல்லாதது. மெஷின் இல்லாமல் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முதலாளியிடம் சொல்லிப் புதுச் சுருள் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் கடைசியாக எழுதியதை மறந்துவிடுங்கள்.

தங்கச்சி விதுஷா

•

கல்முனைக்குடி
27.04.2009

என் தங்கச்சிக்கு,

அல்ஹம்துலில்லாஹ். பூபாலசிங்கம் ஐயா வந்துவிட்டார்.

ஒலுவிலில் கடல் அரித்துத் தென்னைகள் விழுந்து கிடக்கும் இடத்தில் கண்ணைக் கட்டி இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்த மீன்காரர் அபுல் ஹஸன் கண்டு, தன் ஓட்டோவில் ஏற்றிக் காரைதீவுக்குக் கொண்டுவந்தார். இலக்கம் பேப்பரில் வந்ததும் மேலிடத்தில் யாரோ கேட்டார்களாம், அதனால்தான் விட்டார்களாம் என்று வக்கீல் சொல்கிறார். உண்மை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நானும் றுக்ஸானாவும் போய்ப் பார்த்தோம். பாதி ஆளாகிவிட்டார். கதவைப் பார்த்தபடி கதிரையில் இருக்கிறார். யார் வந்தாலும் பேச்சில்லை, சாப்பாட்டுக்கு வாய் திறப்பதோடு சரி. றுக்ஸானா அவர் கையைப் பிடித்தாள். அந்த வளைந்த கைதான். அப்போதுதான் என்னைப் பார்த்து மெல்லமாய்ச் சொன்னார்:

"இலக்கம் வெட்டின பொடியன் எங்கெண்டுதான் கேட்டானுகள் புள்ள. ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேட்டானுகள். எனக்குத் தெரியாதெண்டன். எனக்கு மெய்யாவே தெரியாது."

கனகேஸ்வரி அக்கா அடுப்படிக்குப் போய்விட்டா.

ஆகவே அவர்கள் மறக்கவில்லை, விதுஷா. கிசோக் வாடியிலேயே இருக்கட்டும். அறுவடை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள், தனிமையாய் இருக்கிறது என்கிறான். இருக்கட்டும்.

நான் இப்போது பிளேட்டால் கையால் வெட்டுகிறேன். மீனின் செதில் அவ்வளவு நுணுக்கமாய் வராது. வெற்றிலையும் தோணியும் செய்து அனுப்பியிருக்கிறேன்.

ஹப்ஸா

•

வெள்ளவத்தை
22.05.2009

ராத்தா,

சண்டை முடிந்துவிட்டது. அங்கேயும் வெடி கொளுத்தியிருப்பார்கள். இங்கே மூன்று நாளாகத் தெருவெல்லாம் கொடியும் பாற்சோறும். பஸ்ஸை மறித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எந்தச் சனம் எங்கே கிடக்கிறதோ என்று நினைத்தபடியே சிரித்துக்கொண்டு விழுங்கினேன்.

கடைக்குப் புது ஓடர் வந்திருக்கிறது. நாட்டின் வரைபடம் ஒட்டிய கோஸ்டர்கள், முந்நூறு. வெட்டிய வினைலை இங்கிருந்தே அனுப்புகிறேன், நீங்கள் ஒட்டினால் போதும்.

முக்கியமான விஷயம். இனிச் சோதனைச் சாவடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்களாம். முதலாளியின் தம்பி நீர்கொழும்பில் விளம்பரப் பலகை செய்கிறார். கிசோக்கின் வேலையைப் பார்த்து, ஆள் வந்தால் தங்க இடமும் தருகிறேன் என்கிறார். ராத்தா, அவன் இன்னும் எவ்வளவு காலம் வயலில் ஒளிந்திருப்பான்? சண்டையே முடிந்த பிறகு ஓர் இலக்கம் வெட்டிய பொடியன் யாருக்கு வேண்டும்? அனுப்பிவிடுங்கள். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்.

விதுஷா

•

கல்முனைக்குடி
01.06.2009

தங்கச்சி,

உன் கடிதத்தை அவனுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மீராமுகைதீன் மாமாவும், "கொஞ்சம் பொறுங்கோ, சத்தம் அடங்கட்டும்" என்றார். ஆனால் உன் கடிதத்தை ஒளிக்க எனக்கு என்ன உரிமை? கொடுத்துவிட்டேன். வாசித்த அன்றே புறப்பட்டுவிட்டான். மசூரின் லொறி எஞ்சின் திறந்து கராஜில் கிடக்கிறது, சரியானதும் அதில் போ என்று கெஞ்சினோம். "காக்காவ இதுக்குள்ள இழுக்க மாட்டன். லொறிய மறிச்சாங்களெண்டா அவரையுந்தான் புடிப்பாங்க" என்றான்.

வியாழன் காலை அக்கரைப்பற்றில் பஸ் ஏறினான். மாமா ஏற்றிவிட்டு, பஸ் வளைவு திரும்பும்வரை நின்றாராம். யன்னலோர இருக்கையாம். முகம் தெளிவாய் இருந்ததாம்.

வந்து சேர்ந்ததும் போன் எடுத்து, "பெட்டி வந்து சேர்ந்திட்டு" என்று மட்டும் சொல்லச் சொல்லி அனுப்பினேன். இன்றைக்குத் திங்கள். போன் வரவில்லை. நான் எடுத்தால் உன் போன் மூடிக் கிடக்கிறது. பளீல் ஓட்டும் கொழும்பு பஸ் இன்றைக்கு வருகிறது, அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிட்டானென்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் அவன் காதைத் திருகு.

ஹப்ஸா

•

வெள்ளவத்தை
07.06.2009

ராத்தா,

பெட்டி வரவில்லை.

சார்ஜர் பழுதாகி என் போன் மூடிக் கிடந்தது, உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அவன் புறப்பட்டதே தெரியும். போனை விற்றுவிட்டேன், அலைவதற்குக் காசு தேவைப்பட்டது. பஸ் நிலையத்தில் மூன்று நாள் நின்று அவன் ஏறிய பஸ்ஸின் கொண்டக்டரைக் கண்டுபிடித்தேன். முதலில் ஞாபகமில்லை என்றார். அழுதேன். பிறகு ஒரு பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார், மலைப் பாதை தொடங்கும் இடத்தில் பஸ்ஸை மறித்தார்களாம். சீருடை இல்லாத ஒருவன் ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் ஒரு பொடியனுக்கு முன்னால் வந்து நின்றானாம். பையிலிருந்து வட்டமான ஒரு சின்னப் பலகையை எடுத்துக் காட்டி, "இத செஞ்சது நீதானே?" என்று சிரித்துக் கேட்டானாம். பொடியன் எழும்பி அவனோடு இறங்கினானாம். பஸ்ஸை நிற்க விடவில்லையாம்.

ராத்தா, நான்தான் கூப்பிட்டேன். யாருக்கு வேண்டும் என்று கேட்டு எழுதினேனே.

காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். வாசலில் தாய்மார் வரிசை. எல்லோர் கையிலும் ஒரு படம். என்னிடம் படம் கேட்டார்கள். சின்ன வயசுப் படங்களைக் கடல் கொண்டுபோனது. வளர்ந்த பிறகு அவன் கமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. படம் இல்லாவிட்டாலும் கண்ட சாட்சி இருக்கிறதா என்றார்கள். கொண்டக்டர் வர மாட்டார், அவருக்கும் பிள்ளைகள். ஏன் கொண்டுபோனார்கள் என்று கேட்டார்கள். இலக்கக் கதையைச் சொன்னால், அதை யார் உறுதிப்படுத்துவார் என்கிறார்கள். வெறும் கையோடு திரும்பி வந்தேன்.

உங்களிடம் அவன் படம் ஏதாவது இருக்கிறதா?

விதுஷா

•

கல்முனைக்குடி
14.06.2009

என் தங்கச்சி விதுஷாவுக்கு,

படம் இருக்கிறது. போன வருஷம் கல்முனையில் நடந்த கைத்தொழில் கண்காட்சியில் எடுத்தது. நானும் றுக்ஸானாவும் மேசைக்கு முன்னால் நிற்கிறோம். பின்னால் கிசோக் குனிந்து ஒரு பலகையைத் துடைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து பார்க்கிறான். முகம் முழுதாய் விழுந்திருக்கிறது. ஸ்டூடியோவில் கொடுத்து அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்துவிட்டேன். தபாலில் போட மனமில்லை.

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கனகேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவவுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அடுப்படியில் வைத்து மெல்லிய குரலில்தான் வாசித்தேன். பலகையைக் காட்டிக் கேட்ட இடத்துக்கு வந்ததும் அவ வாயைப் பொத்திக்கொண்டா. திரும்பிப் பார்த்தால் ஐயா வாசற்படியில் நிற்கிறார். அந்தக் கதிரையை விட்டு அவர் எழும்பி ஐம்பது நாளாகிறது.

"ஆரு அந்தப் பொடியன்?" என்று கேட்டார்.

நான் கடிதத்தை மடித்தேன்.

"எனக்காகச் சொன்னவன் ஆரெண்டு கேக்கிறன்."

அக்காதான் சொன்னா. எங்கள் கொட்டிலில் வேலை செய்தவன், விதுஷாவின் தம்பி, தானாக வந்து சொன்னான், பெயர் சொல்ல மாட்டேனென்று நான் சத்தியம் பண்ணினேன், எல்லாம் சொன்னா. ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். பிறகு, "என்ட வெள்ளச் சட்டையக் கொண்டா" என்றார்.

"எங்க போகப்போறீங்க இந்த உடம்போட?"

"கொழும்புக்கு. சாட்சி வேணுமெண்டு கேட்டிரிக்காங்க. என்னை வெச்சிருந்த இடம் எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டினாலும் காது இரிந்திச்சி. ஆர் ஆரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க எண்டும் தெரியும். ஒவ்வொரு நாளும் என்ன கேட்டாங்க எண்டும் சொல்லுவன்."

"திரும்பவும் கொண்டுபோவானுகளே" என்று அக்கா அழுதா.

"கொண்டுபோகட்டும். அந்தப் புள்ள என்னைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கல்லயே."

மசூர் முதலில் வேண்டாமென்றார். "நீ போறதெண்டா றுக்ஸானாவ நினைச்சிட்டுப் போ" என்றார். "அவளை நினைச்சுத்தான் போறன்" என்றேன். அதற்குப் பிறகு, திருத்தி எடுத்த லொறிக்கு டீசல் அடிக்கப் போனார். அவரே என்னையும் ஐயாவையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். றுக்ஸானாவைப் பக்கத்து வீட்டுச் சபியா உம்மாவிடம் விட்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் பளீலின் கையில் வரும். அந்த அலுவலகத்துக்கு எங்களைக் கூட்டிப்போக ஆயத்தமாய் இரு. நாங்கள் வருவதை ஒருவரிடமும் சொல்லாதே, உன் முதலாளியிடமும்.

காலையில் நான் ஸ்டூடியோவில் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் ஒருவன் நின்றான். முன்பு பார்த்தவன் இல்லை, புது முகம். என் கையிலிருந்த உறையைப் பார்த்துக்கொண்டே, "கொழும்புப் பயணமோ அக்கா? எண்டைக்கு?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.

நாங்கள் புறப்படுவது நாளை, திங்கட்கிழமை விடிய.

உன் ராத்தா,
ஹப்ஸா